வாஸா, வேரா?



மொழிச் சந்தேகம் கேட்டு நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வல்லினம் மிகுமா மிகாதா என்ற பழைய பஞ்சாயத்துதான். இந்த மாதம் வந்த ஒன்று மட்டும் ஆங்கிலத்தைப் பற்றியது. எழுதியவர் ஒரு தாய். கல்லூரி முடித்த அவருடைய மகள் வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதியிருக்கிறாள். அதை வாங்கிப் படித்த சித்தப்பா, ஒரே ஒரு சொல்லைச் சிவப்பு மையில் அடித்து, மேலே வேறு சொல் எழுதிக் கொடுத்திருக்கிறார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் அன்றிலிருந்து இதே பேச்சாம். 'நீங்களாவது தீர்த்து வையுங்கள்' என்று நகலையும் இணைத்து அனுப்பிவிட்டார் அந்த அம்மா.

மகள் எழுதிய வரி: 'இஃப் ஐ வாஸ் செலக்டட், ஐ வுட் ஜாயின் இமீடியட்லி.' சித்தப்பாவின் திருத்தம்: 'இஃப் ஐ வேர் செலக்டட்.' ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பியது காதில் மாட்டும்.

சித்தப்பா இலக்கணம் படித்தவர் என்பதில் சந்தேகமில்லை. 'இஃப் வந்தால் ஐ-க்குப் பிறகும் வேர்தான்' என்று ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாத்தியார்கள் மனப்பாடம் செய்யவைத்த தலைமுறை. மகளோ படத்திலும் பாட்டிலும் கேட்டு வளர்ந்தவள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் தீர்ப்பு இருவருக்குமே பிடிக்கப்போவதில்லை. அந்த இடத்துக்கு வாஸும் வேண்டாம், வேரும் வேண்டாம். 'இஃப் ஐ ஆம் செலக்டட், ஐ வில் ஜாயின் இமீடியட்லி.' தீர்ந்தது.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு நம் வீட்டுப் பழமொழி ஒன்று போதும். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. (கடிதத்தில் வரும் சித்தப்பா இதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) இதைச் சொல்கிறவர் அத்தைக்கு மீசை முளைக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. முளைக்காது என்பது தெரிந்தே சொல்வது. 'நாளைக்கு மழை பெய்தால் பள்ளிக்கூடம் லீவு' என்பது அப்படியல்ல. பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். ஆக, 'ஆல்' போட்டுப் பேசுவதில் இரண்டு ஜாதி உண்டு. நடக்கக்கூடியதைச் சொல்வது ஒன்று. நடக்காது என்று தெரிந்தே, அல்லது நடக்குமென்ற நம்பிக்கை இல்லாமலே, கற்பனையாகச் சொல்வது இன்னொன்று.

தமிழ் இந்த இரண்டையும் ஒரே வடிவத்தில் சொல்லிவிடுகிறது. முளைத்தால், பெய்தால். எது நிஜம், எது கற்பனை என்பதைக் கேட்கிறவர் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆங்கிலம் அந்தப் பொறுப்பைக் கேட்கிறவர் தலையில் போடுவதில்லை. வினைச்சொல்லிலேயே அடையாளம் வைத்துவிடுகிறது. மழை நடக்கக்கூடியது என்பதால் நிகழ்காலம்: 'இஃப் இட் ரெயின்ஸ், தி ஸ்கூல் வில் பீ க்ளோஸ்டு.' மீசை நடக்காதது என்பதால் இறந்தகாலம்: 'இஃப் மை ஆன்ட் ஹேட் எ முஸ்டாஷ், ஷி வுட் பீ மை அங்கிள்.' அத்தைக்குப் போன வருஷம் மீசை இருந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த 'ஹேட்', நிஜத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று காட்டுவது. நேற்று, இன்று என்ற காலக்கணக்கு அதில் இல்லை.

இது ஏதோ வெள்ளைக்காரன் செய்த விநோதம் என்று நினைக்க வேண்டாம். வந்தால், போனால், பெய்தால், இருந்தால்: நம் சொற்களைப் பிரித்துப் பாருங்கள். வந்தேன், போனேன் என்பதில் இருக்கும் அதே இறந்தகால அடிதான் இங்கும் நிற்கிறது. நாளைய மழையைப் பற்றிப் பேசும்போதுகூட நாம் 'பெய்த்' என்ற இறந்தகாலத்தோடுதான் 'ஆல்' சேர்க்கிறோம். வரின், செயின் என்று இலக்கியத்தில் வரும் பழைய வடிவத்துக்குக் காலம் காட்டும் உறுப்பு கிடையாது. தொல்காப்பியரும் 'செயின்' என்பதைத்தான் வினையெச்ச வாய்பாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். இன்று நம் வாயில் நிற்பது இறந்தகாலத்தோடு ஒட்டிய ஆல். அந்தப் பெண் 'தேர்வானால்' என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, அதன் இறந்தகாலத்தையே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'வாஸ்' போட்டிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். நமக்கு எல்லா 'ஆல்'லுக்கும் இறந்தகாலம். ஆங்கிலத்துக்கு மீசை ஜாதிக்கு மட்டும்.

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். 'இஃப் ஐ வேர் செலக்டட், ஐ வுட் ஜாயின்' என்பதில் இலக்கணக் குற்றம் எதுவும் கிடையாது. பணிவாகச் சொல்கிறாள் என்று சிலர் எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் வேலை கொடுக்கப் போகிறவர் காதில் அது 'எங்கே எனக்குக் கிடைக்கப்போகிறது, ஒருவேளை கிடைத்தால்' என்ற தொனியிலும் விழலாம். தன்னை அழைக்கச் சொல்லி எழுதும் கடிதத்தில், தானே தன்னை அத்தை மீசை வரிசையில் உட்கார வைத்துக்கொள்வானேன்? தேர்வாவது நடக்கக்கூடிய காரியம். எனவே 'ஆம்', 'வில்'.

வேர் என்ற சொல்லுக்கு வருகிறேன். சண்டை முழுக்க அதைச் சுற்றித்தானே? பழைய ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்ல ஒரு வினைவடிவமும், நினைப்பதையும் விரும்புவதையும் சொல்ல 'சப்ஜங்டிவ்' என்ற வேறொரு வடிவமும் இருந்தன. நூற்றாண்டுகள் போகப் போகச் சொற்களின் கடைசி அசைகள் தேய்ந்து, இரண்டும் ஒன்றாகிவிட்டன. இறந்தகாலத்தில் தேயாமல் தப்பியது 'பீ' என்ற ஒரே வினைச்சொல். அதிலும் ஐ, ஹி, ஷி, இட் ஆகியவற்றுக்குப் பிறகுதான் வித்தியாசம் தெரியும். மற்ற இடங்களில் எப்படியும் வேர்தான். மற்ற வினைகளில் சாதாரண இறந்தகாலமே வேலையை முடித்துவிடும். 'இஃப் ஐ ஹேட் மணி', 'இஃப் ஐ நியூ ஹிஸ் நம்பர்' என்பவற்றில் யாரும் சண்டை போடுவதில்லை, சண்டை போட அங்கே ஒன்றும் மிச்சமில்லை. சித்தப்பாக்கள் பல தலைமுறையாகச் சிவப்பு மை செலவழிப்பதெல்லாம் இந்த ஒரு துளி இடத்துக்காக.

1926இல் வெளிவந்த தன் பயன்பாட்டு அகராதியில் ஃபௌலர், ஆங்கிலத்தில் இந்த வகை வடிவங்களே சாகக் கிடக்கின்றன, சொற்ப இடங்களில் மட்டும் உயிர் இருக்கிறது என்று எழுதினார். ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. நோயாளி இன்னும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார். 1964இல் நியூயார்க் மேடையேறிய 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' இசை நாடகத்தின் புகழ்பெற்ற பாட்டுக்குப் பெயர் 'இஃப் ஐ வேர் எ ரிச் மேன்'. பால் வண்டி இழுக்கும் ஏழை, தான் பணக்காரனாக இருந்தால் என்னென்ன செய்வேன் என்று பாடுவது. மீசை ஜாதியேதான். 2008இல் பியான்ஸே பாடியது 'இஃப் ஐ வேர் எ பாய்'. நடுவில் 1985இல் மிட்ஜ் யூர் பாடி, பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டின் பெயரோ 'இஃப் ஐ வாஸ்'. மூன்றும் கற்பனைதான், இலக்கணம் மட்டும் இரண்டு விதம். கற்பனைக்கு 'வாஸ்' போடுவது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. முந்நூறு வருஷத்துக்கு மேலாக நல்ல எழுத்தாளர்களே போட்டு வந்திருக்கிறார்கள். 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் பேரிலக்கணம் இந்த வேருக்குப் பழைய 'சப்ஜங்டிவ்' பட்டத்தைக்கூடக் கொடுக்கவில்லை. 'இர்ரியாலிஸ்', அதாவது நிஜமல்லாதது என்று தனிப்பெயர் சூட்டி ஓரமாக வைத்துவிட்டது.

ஆகவே பேச்சில் 'இஃப் ஐ வாஸ் ரிச்' என்று யாராவது சொன்னால் திருத்தப் போகாதீர்கள், மரியாதை கெட்டுவிடும். எழுத்தில், அதிலும் அலுவல் கடிதத்திலும் தேர்விலும் கட்டுரையிலும், கற்பனைக்கு வேர் போடுவதுதான் என் கட்சி. படிப்பவர் பழைய பள்ளிக்காரராக இருந்தாலும் புதியவராக இருந்தாலும் அதைக் குறை சொல்ல மாட்டார். சில இடங்களில் வாஸுக்கு அறவே இடமில்லை என்பதையும் கவனியுங்கள். இஃப்பை எடுத்துவிட்டு வினையை முன்னால் கொண்டுவந்தால் 'வேர் ஐ இன் ஹிஸ் பொசிஷன்' என்றுதான் எழுத முடியும். 'ஆஸ் இட் வேர்' என்ற தொடரிலும் அப்படியே. 'உங்க இடத்துல நான் இருந்தா' என்று புத்தி சொல்லும் 'இஃப் ஐ வேர் யூ'வில் வாஸ் போட்டால் பேச்சில்கூடக் கொஞ்சம் உறுத்தும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள். 'இஃப்' கண்ணில் பட்டாலே 'வேர்' போட்டுவிடுவது. நேற்று ஒருவரிடம் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டோமோ என்று சந்தேகம். மன்னிப்புக் கேட்டு எழுதுகிறோம். 'இஃப் ஐ வாஸ் ரூட் யெஸ்டர்டே, ஐ ஆம் சாரி.' இங்கே வாஸ்தான் சரி, நூற்றுக்கு நூறு சரி. நேற்று நடந்தது நிஜச் சம்பவம். கடுமையாகப் பேசினேனா இல்லையா என்பதில்தான் தெளிவில்லை. இங்கே வேர் போட்டால், 'நான் அப்படிப் பேசவே இல்லை, பேசியதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்' என்ற ஜாடை வந்துவிடும். மன்னிப்புக் கேட்கப் போய் புதிதாக ஒரு வம்பு. 'நான் தயாரா என்று கேட்டார்' என்பதற்கு 'ஹி ஆஸ்க்டு இஃப் ஐ வேர் ரெடி' என்று எழுதுவதும் இந்த ரகம்தான். அங்கே இஃப் நிபந்தனையே அல்ல, 'வெதர்' செய்யும் வேலையைச் செய்கிறது. வாஸ் போதும்.

நிஜ இஃப்புக்கும் கற்பனை இஃப்புக்கும் உள்ள தூரத்தைக் காட்ட, தர்க்கம் படித்தவர்கள் ஒரு ஜோடி வாக்கியங்களைச் சொல்வார்கள். எர்னஸ்ட் ஆடம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1970இல் காட்டிய எடுத்துக்காட்டிலிருந்து வந்தவை அவை. 1963 நவம்பர் 22 அன்று டல்லஸ் நகரில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டதாகப் பிடிபட்டவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். தமிழில் சொன்னால் முதல் வாக்கியம் இப்படி: ஆஸ்வால்ட் கென்னடியைக் கொல்லவில்லை என்றால், வேறு யாரோ கொன்றிருக்கிறார்கள். இரண்டாவது: ஆஸ்வால்ட் கென்னடியைக் கொல்லாமல் இருந்திருந்தால், வேறு யாராவது கொன்றிருப்பார்கள்.

முதலாவதை யாரும் மறுக்க முடியாது. கென்னடி கொல்லப்பட்டார் என்பது உறுதி. இவர் இல்லையென்றால் இன்னொருவர். இரண்டாவது பெரிய குற்றச்சாட்டு. எப்படியும் அவரைத் தீர்த்துக்கட்ட ஆள் தயாராக இருந்தது, பின்னால் ஒரு சதி இருந்தது என்கிறது அது. சான்று காட்டாமல் அப்படிச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது 'டிட்ன்ட்' என்பதற்கும் 'ஹேடன்ட்' என்பதற்கும், 'டிட்' என்பதற்கும் 'வுட் ஹேவ்' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். தமிழில் நமக்கு அது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது பாருங்கள்! 'என்றால்' ஒரு பக்கம், 'இருந்திருந்தால்' மறுபக்கம். அத்தை மீசையில் தமிழ் அடையாளம் வைக்கவில்லை என்று சொன்னேன். தேவைப்படும் இடத்தில் வைக்கத் தெரிந்த மொழிதான். ஆங்கிலத்தில் எழுதும்போது தடுமாறினால் இந்த இரண்டு தமிழ் வடிவங்களில் எது பொருந்துகிறது என்று மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். இலக்கணப் புத்தகத்தின் அட்டவணையைவிட வேகமாக விடை கிடைக்கும்.

அடிக்கடி வரும் இன்னொரு தவறுக்கும் இதுவே மருந்து. 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்.' அமெரிக்கர்களும் பேச்சில் இப்படிச் சொல்வது உண்டு என்பதால் இது சரிதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தில் சரியில்லை. 'இஃப் ஐ ஹேட் நோன்' என்பதே முறை. நம் வாயில் 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்று முன்பாதிக்கு ஒரு வடிவம், பின்பாதிக்கு வேறு வடிவம் வருகிறதல்லவா? இரண்டு பக்கமும் 'இருப்பேன்' போட்டு யாரும் பேசுவதில்லை. அங்கேயும் அப்படித்தான்: முன்பாதிக்கு ஹேட், பின்பாதிக்கு வுட் ஹேவ். இந்த 'வுட் ஹேவ்' என்பதை 'வுட் ஆஃப்' என்று எழுதுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் தவறு. சுருக்கிப் பேசும்போது அவர்கள் காதில் அப்படி விழுகிறது. நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்துக் கற்றவர்கள் என்பதால் அதில் அதிகம் விழுவதில்லை. இது ஒன்றிலாவது நமக்குக் கொஞ்சம் பெருமை.

இஃப் பாதியில் வுட் வரவே கூடாது என்று இதைக் கல்லில் செதுக்கிவிடவும் வேண்டாம். 'இஃப் யூ வுட் கைண்ட்லி சைன் ஹியர்' என்று ஒருவர் சொன்னால் அது கற்பனை அல்ல, மரியாதை. 'தயவுசெய்து' என்பதற்குச் சமம். தாராளமாக எழுதலாம்.

கிப்ளிங்கின் 'இஃப்' கவிதை நினைவுக்கு வராமல் இந்தப் பேச்சு முடியுமா? 1865இல் பம்பாயில் பிறந்தவர். கவிதை 1910இல் புத்தகத்தில் வந்தது. 32 வரியும் ஒரே வாக்கியம். இஃப் மேல் இஃப்பாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில்தான் வாக்கியம் முடியும். அதில் ஒரு வேரும் கிடையாது. மகனுக்கு அப்பா சொல்லும் புத்திமதி அது. மகனால் முடியும் என்று நம்பிச் சொல்வதால் எல்லாம் நிகழ்காலம். அங்கே வேர் போட்டிருந்தால் 'உன்னால் எங்கே முடியப்போகிறது' என்று ஆகியிருக்கும். விம்பிள்டன் சென்டர் கோர்ட்டுக்குள் ஆட்டக்காரர்கள் நுழையும் வாசலுக்கு மேலே அதன் இரண்டு வரிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆடப் போகிறவனிடம் நிகழ்காலத்தில் பேசுவதே நல்லது.

நம்மூர் ஆங்கிலத்துக்கென்றே சில சொத்துகள் உண்டு. 'சப்போஸ் இஃப்', 'இஃப் இன் கேஸ்', 'அன்லெஸ் அண்ட் அன்டில்'. இரண்டு சொல்லில் ஒன்று போதும், மற்றதை விட்டுவிடுங்கள். பேச்சில் 'சப்போஸ் இஃப்' எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம். அதில் நம் 'ஒருவேளை வந்தால்' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எழுத்தில் வேண்டாம்.

'இன் கேஸ்' மட்டும் கொஞ்சம் ஆபத்தான ஆள். இஃப்புக்குப் பதிலாக நாம் இதைத் தாராளமாகப் போடுகிறோம். 'கால் தி டாக்டர் இஃப் தி ஃபீவர் ரைசஸ்' என்றால் காய்ச்சல் ஏறினால் டாக்டரைக் கூப்பிடு என்று பொருள். ஏறும்வரை பேசாமல் இருக்கலாம். இஃப்பை எடுத்துவிட்டு 'இன் கேஸ்' போட்டால், பிரிட்டிஷ் வழக்கப்படி, காய்ச்சல் ஏறிவிடக்கூடும், எதற்கும் இப்போதே கூப்பிட்டுவிடு என்றாகும். 'எதற்கும் ஒரு குடை எடுத்துக்கொண்டு போ' என்கிறோமே, அந்த 'எதற்கும்'தான் 'இன் கேஸ்'. மழை வந்த பிறகு குடை எடுக்கப் போகிறவருக்கு இஃப், வருவதற்கு முன்பே எடுத்துப் போகிறவருக்கு இன் கேஸ். 'இன் கேஸ் ஆஃப் ஃபயர்' என்ற சுவர் அறிவிப்பு இதிலிருந்து வேறு. 'ஆஃப்' சேர்ந்துவிட்டதால் அங்கே தீப்பிடித்தால் என்றே பொருள். மாடிப்படி வாசலில் மாட்டியிருக்கும் அந்தப் பலகையைத் திருத்தச் சொல்லி யாரும் மனுப் போட வேண்டாம்.

கடைசியாக, பெரியவர்கள் சிலருக்காக ஒன்று. வங்கியிலிருந்தும் காப்பீட்டு நிறுவனத்திலிருந்தும் வரும் கடிதங்களின் அடியில் 'ஷுட் யூ ரிக்வயர் எனி அசிஸ்டன்ஸ், ப்ளீஸ் கான்டாக்ட் அஸ்' என்று ஒரு வரி இருக்கும். ஷுட் என்றால் 'வேண்டும்' என்று படித்தவர்கள் நாம். அதனால் ஏதோ கட்டாயமாகத் தொடர்புகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று பயந்து, கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளைக்கே நேரில் போய் நிற்பவர்கள் உண்டு. அங்கே ஷுட் என்பது இஃப்பின் மரியாதையான வேஷம். வினையை முன்னால் தள்ளி இஃப்பை மறைத்திருக்கிறார்கள், 'ஹேட் ஐ நோன்' என்பதில் மறைத்த மாதிரியே. உதவி ஏதாவது தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்பது மட்டும்தான் அதில் உள்ள சேதி. தேவைப்படாவிட்டால் கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்